ஊறவைத்த குழி

சைட்டிலிருந்து,
செவ்வாய், காலை பத்தரை மணி

அன்புள்ள தமயந்திக்கு,

நலம் விசாரித்தால் நீ பதில் போடமாட்டாய். நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன் எடுத்தால் இரண்டாவது நிமிடத்திலேயே நான் கத்த ஆரம்பித்துவிடுகிறேன் என்று நீதான் சொன்னாய். பேப்பரில் கத்த முடியாது. அதனால் எழுதுகிறேன்.

உன் அப்பா வாங்கிய சைட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஆவணியில் கடைக்கால் பூஜை. அதற்குள் செப்டிக் டேங்க் டெஸ்டை மறுபடி செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. யாரும் கேட்கவில்லை, நானாக வந்தேன். நேற்று மாலையே, ஏப்ரலில் வெட்டிய அதே மூலையில் குழி வெட்டி, பக்கங்களைச் சுரண்டி, அடியில் ஜல்லி பரப்பித் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போனேன். ராத்திரி முழுக்க ஊறியது. இன்று அரைமணிக்கு ஒருமுறை ஸ்கேல் வைத்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நடுவில் ஒரு வேலையும் கிடையாது. கல்யாணமான புதிதில் நீ கூட வந்து நோட்டில் எழுதுவாய். அரைமணி என்பது இவ்வளவு நீளம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பதினொரு மணி. நான்கு மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கிறது.

ஒரு சென்டிமீட்டர் இறங்க முப்பது நிமிடத்துக்கு மேல் பிடித்தால் அந்த மண்ணில் சோக்பிட் போடக்கூடாது, டேங்கிலிருந்து வரும் தண்ணீரை மண் உறிஞ்சாது. இந்த வேகத்தில் எழுபத்தைந்து நிமிடம் பிடிக்கும். ஏப்ரலில் ஆறே நிமிடம். வெயிலில் வெடித்துக் கிடந்த களிமண் அன்று ஊற்றியதையெல்லாம் குடித்தது. ஊறினால் உப்பி, வெடிப்பு மூடிக்கொள்ளும். இது எனக்குத் தெரியாததா? வேறொரு சைட்டுக்குப் போகும் அவசரம். ஒரு மணி நேரத்தில் முடித்து, "தைரியமா வாங்குங்க மாமா" என்று சொல்லிவிட்டேன்.

பதினொன்றரை. மூன்று மில்லிமீட்டர்.

பக்கத்து மாட்டுக்கொட்டகை லட்சுமம்மா வந்தாள். "ஏம்ப்பா, குழியில மீனு விட்டிருக்கியா? இப்படிக் குந்திக்கினு பாக்கறியே" என்றாள். மழை பிடித்தால் அந்த மூலையில் மாட்டைக்கூடக் கட்டமாட்டார்களாம், தண்ணீர் வாரக்கணக்கில் நிற்குமாம். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று எரிந்து விழுந்தேன். "அன்னிக்கே சொல்லத்தான் வந்தேன். நீ அந்தப் பொண்ண அதட்டிக்கினு இருந்தே. நமக்கேன்டாப்பான்னு திரும்பிட்டேன்" என்றாள். அவள் சொன்ன பொண்ணு நீதான்.

சம்சாரம் எங்கே என்று கேட்டாள். ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். நம் பில்டிங்கில் கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். நீ போனது வைகாசியில் என்பதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஆடி முடிய இன்னும் ஒன்பது நாள். அதற்குப் பிறகு என்ன சொல்வதென்று யோசிக்கவில்லை.

பன்னிரண்டு. இரண்டு. அதற்குப் பின் இரண்டுமுறை பார்த்தும் அதே இரண்டு.

ஆகவே இந்த மண் தேறாது. முப்பதுக்கு நாற்பது சைட். மேடாக்கி வேறு விதமாகச் செய்யலாமென்றால் வீட்டுக்கு இடமிருக்காது. பாதாளச் சாக்கடை இந்தப் பக்கம் எப்போது வருமென்று கேட்டால் ஆளுக்கொரு வருடம் சொல்கிறார்கள். கட்டினால் இரண்டாவது மழையில் எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும்.

பிளானை விரித்தபோது மாமா ஹாலைப் பார்க்கவில்லை. படுக்கையறையோடு ஒட்டிய பாத்ரூமில் விரலை வைத்து, "இனி உங்கத்தை முட்டி வலியோட லைனுல நிக்க வேணாம்" என்றார். பிறந்ததிலிருந்து சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பொதுக் கக்கூசுக்கு வரிசையில் நின்ற மனிதர். இப்போது நீயும் அதே வரிசையில்தான் நிற்கிறாய். 

ஏப்ரலில் டெஸ்ட் செய்த அன்று, "நேத்தே தண்ணி ஊத்தி ஊற வெச்சிருக்கணும்ல?" என்று நீ கேட்டாய். "உனக்கென்ன தெரியும், வாய மூடு" என்றேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார். நீ கேட்டது சரி. நான் சொன்னது தப்பு. மண்ணைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை மாரிகுப்பம் ரயிலில் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும். மாமாவிடம் நீ எதுவும் சொல்லாதே. தப்பு என்னுடையது, நான்தான் சொல்ல வேண்டும். அவர் என்ன பேசினாலும் வாங்கிக்கொள்கிறேன். சைட்டை விற்கும்போதும் மண் எப்படி என்பதைச் சொல்லித்தான் விற்க வேண்டும், அதையும் சொல்வேன். வேறு சைட் தேடுவோம். நான் எத்தனை நாள் வேண்டுமானாலும் குழியருகே உட்காருகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் பேசும்போது அடுப்படிக்குப் போய்விடாதே. மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திரு. நடுவில் நான் எதையாவது விட்டால், மழுப்பினால், அவர் எதிரிலேயே என்னை நிறுத்தித் திருத்து.

உன்,
கார்த்திகேசன்