ஒரே ஒரு கருப்பு மணி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருந்தால் எங்களுக்கு வேறென்ன வேண்டும். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, ஆனால் டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யச் சொன்னால் மட்டும் வலி எங்கிருந்துதான் வருமோ தெரியாது, டிவி பார்க்க உட்காரும்போது வருவதில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுவதை நானே சரி செய்துவிட்டேன். இப்போது முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாக ஒழுகுகிறது, அதையும் பார்த்துவிடுவேன். நீ அனுப்பிய ஸ்வெட்டர் எனக்குக் கச்சிதம். அம்மாதான், தொப்பை தெரிகிறது என்கிறாள், அவள் பேச்சை விடு.

தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதுதான். மூன்று மாதம் முன்னால் நீ போன் செய்து, "அப்பா, பெரியப்பா சங்கத்துல சேரக் கேட்டாராமே, அவருக்கு யாரோ கருப்பு போட்டுட்டாங்களாமே, நீங்க இல்லையே?" என்று கேட்டாய். நான் உடனே, "சேச்சே, நான் ஏம்மா போடப் போறேன்" என்றேன். அது பொய். உன் அப்பா உன்னிடம் சொன்ன பொய். போட்டது நான்தான். முதலில் இதைச் சொல்லிவிட்டேன், இனி மிச்சத்தை எழுதிவிடுவேன்.

எங்கள் சங்கத்து விதியெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், சின்ன வயதில் நீ எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறாய். வயசு கணக்கில்லை, முதலில் சேர்ந்தவன் அண்ணன், பிறகு சேர்ந்தவன் தம்பி. புதிதாக ஒருவர் வந்தால் ஆளுக்கு ஒரு வெள்ளை மணி, ஒரு கருப்பு மணி. துணி போர்த்திய பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒன்றைப் போட வேண்டும். ஒரே ஒரு கருப்பு விழுந்தாலும் வந்தவர் திரும்பிப் போக வேண்டியதுதான். யார் எதைப் போட்டார் என்று கேட்கக்கூடாது, சொல்லவும் கூடாது, சொன்னவன் அந்த நிமிஷமே வெளியே. தலைவன் என்கிற முறையில் பத்து வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உறுதிமொழியை நான்தான் வாசிப்பேன். அதில் ஒரு வரி, "உண்மை சொன்னவனை ஒருநாளும் ஒதுக்கமாட்டோம்." கணீரென்று வாசிப்பேன், கீழே மருந்துக்கடையில் நிற்பவர்களுக்கே கேட்கும்.

பெரியப்பாவுக்கும் எனக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சில்லை என்று தெரியும், ஏன் என்று உனக்கு முழுசாகத் தெரியாது. அவர் மேற்பார்வை பார்த்த கட்டிடத்தில் லிஃப்ட் பராமரிப்பு என் பொறுப்பு. ஒரு மாதம் நான் மேலே ஏறி பிரேக்கைப் பார்க்கவே இல்லை, பார்த்ததாகக் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டேன். மறுவாரமே லிஃப்ட் நழுவி, ஒரு அம்மாவுக்குக் கால் முறிந்தது. விசாரணையில் எல்லாரும் எனக்காக மழுப்பினார்கள், என் சொந்த அண்ணன் மட்டும் எழுந்து, "என் தம்பி அன்னைக்கு மேல ஏறவே இல்லைங்க" என்றார். எட்டு மாதம் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தேன். அவர் பொய் சொல்லியிருந்தால் என்றைக்கோ மன்னித்திருப்பேன். சொன்னது உண்மை, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அப்படிப்பட்டவரை, ஓய்வு பெற்று வீட்டில் தனியாக இருக்கிறார் என்று என் சிநேகிதன், நம்ம டெய்லர், சங்கத்துக்கு முன்மொழிந்தான். மறைக்காமல் முதலில் என்னிடம் வந்து, "உனக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே?" என்று கேட்டான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சங்கம் எல்லாருக்கும் பொது, தாராளமா வரட்டும்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன் என்று அப்போது நினைத்தேன். பெட்டிக்குள் கை போனதும் விரல் வேறு முடிவு எடுத்துவிட்டது. இல்லை, விரல் மேல் பழி போடக்கூடாது, நான்தான் எடுத்தேன். பெட்டியைக் கவிழ்த்தார்கள், இருபது வெள்ளை, ஒரு கருப்பு. கீழே மருந்துக்கடை பெஞ்சில் காத்திருந்தவரிடம் செயலாளர் போய்ச் சொன்னதற்கு, "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு நடந்தாராம். நான் ஜன்னல் பக்கம் போகவே இல்லை.

அதற்கு அடுத்த கூட்டத்தில்தான் வினை வந்தது. நம்ம வீட்டுக்கு வயரிங் செய்தானே எலக்ட்ரீஷியன், அவனுக்கு நாக்கில் பூட்டு கிடையாது, எழுந்து, "தலைவர் அண்ணா, ஊரே உங்களைத்தான் சொல்லுது, நீங்களா இல்லையா?" என்று கேட்டுவிட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் டெய்லர் துள்ளி எழுந்து, "அவன் இல்லை, நான்தான் போட்டேன்!" என்றான். யோசித்துப் பார், முன்மொழிந்தவனே கருப்புப் போடுவானா? செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீயா? ஏன்?" என்றார். "கடைசி நேரத்துல மனசு மாறிடுச்சு, உங்களுக்கு என்ன?" என்றான், கோபக்காரன் மாதிரி. விதி விதிதான். இருபத்தேழு வருஷம் சட்டையில் குத்தியிருந்த சங்க வில்லையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் படியிறங்கினான். நான் என்ன செய்தேன் தெரியுமா? உட்கார்ந்திருந்தேன். கூட்டம் முடிந்ததும் உறுதிமொழியையும் வாசித்தேன். உன் அப்பாவைப் பற்றி நீ பெருமையாக நினைக்க ஆயிரம் இருக்கலாம், அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை, அம்மாவே பயந்துவிட்டாள். நாலாவது நாள் அவன் கடைக்குப் போனேன். காலர் தைத்துக்கொண்டிருந்தவன் தலையே நிமிரவில்லை, "பேன்ட் இடுப்பு பெருசாக்கணுமா?" என்றான். "ஏண்டா இப்படிப் பண்ணினே" என்று நான் கத்த, அவன் மெஷினை நிறுத்திவிட்டு, "உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன், அது என் பக்கம். உன் பக்கத்தை நீ பாரு" என்றான். அவ்வளவுதான், மறுபடி மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. நானும் விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து, சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். முடிவு எடுத்துவிட்டால் எனக்குப் பயம் கிடையாது, அது உனக்கே தெரியும்.

உறுதிமொழிக் காகிதத்தைக் கையில் கொடுத்ததும் மடித்துக் கீழே வைத்துவிட்டு, கருப்பு போட்டது நான், டெய்லர் சொன்னது பொய், பதினோரு வருஷம் முன்னால் என் அண்ணன் சொன்னது உண்மை என்று மூன்றையும் கணீரென்றே சொன்னேன். வில்லையைக் கழற்றும்போது ஊசி விரலில் குத்தியது. எந்த மணி போட்டேன் என்று சொன்னதற்கு நான் வெளியே, பொய் சொன்னதற்கு டெய்லரும் வெளியேதான் என்று செயலாளர் தீர்ப்புச் சொன்னார், சொல்லும்போது அவர் குரல் சரியாக இல்லை. அங்கிருந்து நேராகப் பெரியப்பா வீடு. கதவைத் திறந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான்தான் போட்டேன்" என்றேன். "அது எனக்கு அன்னைக்கே தெரியும், இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே? செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா" என்றார். உள்ளே போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்து மூன்று வயசில் தேம்பித் தேம்பி அழுதேனம்மா. அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

மறுமாதமே பெரியப்பாவைச் சேர்த்துக்கொண்டார்கள், பத்தொன்பதும் வெள்ளை. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் இரண்டு பேருக்கும் பெட்டி வைத்தார்கள். அவர் அன்று உட்கார்ந்த அதே பெஞ்சில் நானும் டெய்லரும் உட்கார்ந்திருந்தோம். அந்த பெஞ்சு எவ்வளவு நீளம் என்று உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அவன் விண்ணப்பம் ஒரு நிமிஷம் முன்னால் போனதால் அவன் எனக்கு அண்ணனாம், அதற்கு இப்போதே அலட்டல் தாங்கவில்லை. முதலில் அவன் பெட்டி, பிறகு என்னுடையது. மேலே இருபது பேர் இருந்தார்கள், அதில் ஒருவர் உன் பெரியப்பா. அவர் கையிலும் ஒரு கருப்பு மணி இருந்தது. கூப்பிட்டார்கள், போனேன், பெட்டியைக் கவிழ்த்தார்கள். ஒன்று விடாமல் வெள்ளை.

இப்போது சங்கத்திலேயே கடைக்குட்டி நான்தான். கடைக்குட்டிதான் டீ ஊற்றி, டம்ளர் கழுவ வேண்டும். இருபத்தெட்டு வயசு எலக்ட்ரீஷியனிடம், "டீ எடுத்துக்கங்க அண்ணா" என்றேன், அவன் கூச்சத்தில் பாதி டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான். கடைசி வரிசையில் பெரியப்பா. நான் வெளியே போகாமல் இருந்திருந்தால், விதிப்படி அவர் என்னை அண்ணா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். இப்போது அந்த வேலை என்னுடையது. டம்ளரை நீட்டி, "அண்ணா" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லிப் பதினோரு வருஷமாகிவிட்டது. அவர் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை ஜாஸ்தி தம்பி" என்றார்.

குளிர் காலத்தில் தலையை மூடாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளை உன்மேல் கோபமாக இருந்தால் அன்றைக்கே பேசித் தீர்த்துக்கொள், பதினோரு வருஷம் எடுத்துக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடும் மனநிறைவோடும் இருக்க எங்கள் ஆசீர்வாதம். மறக்காமல் பெரியப்பாவுக்கு ஒரு போன் போடு. உன்னிடம் நான் பொய் சொன்னதை அவரிடமும் ஒப்புக்கொண்டுவிட்டேன். அதை நீ மன்னித்துவிட்டாய் என்றால் என்னிடம் சொல்ல வேண்டாம், அவரிடம் சொல், அவர் பொய் சொல்லமாட்டார்.

இப்படிக்கு,
உன் அப்பா,
என் அண்ணனுக்குத் தம்பி.