ஒன்றரைக்குள் எத்தனை அரை

அஸ்தினாபுரம்
12.8.2024

அன்பு மகள் உதயாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் மெல்போர்ன் குளிரில் சளி பிடிக்காமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் எனக்குக் குரல் உடைந்துவிடும், நீ உடனே டிக்கெட் போடுவாய், அதனால்தான் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார், ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், பயப்படாதே.

வால்வு மாற்றியதிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க அவருக்குத் தினமும் ஒன்றரை மில்லிகிராம் மாத்திரை கொடுக்கிறேன் அல்லவா, ஒரு மில்லிகிராம் மாத்திரையில் ஒன்றும் பாதியும். போன மாதம் கடையில் அது ஸ்டாக் இல்லை, அரை மில்லிகிராம்தான் இருந்தது. கடைப்பெண் ஹேமாவதி ஒரு வாரத்துக்கு எண்ணிப் போட்டுவிட்டு ஏதோ சொல்ல வந்தாள், தண்ணீர் லாரி வரும் நேரமென்று நான் கிளம்பிவிட்டேன். ஒன்றரை, அதில் அரை, ஆக முக்கால் என்று மனசு தானாகப் போட்டுக்கொண்டது. அந்தப் பொடி மாத்திரையைப் பாக்குவெட்டியால் நறுக்கி, உதிர்ந்ததையும் வழித்து, ஐந்து நாள் முக்கால் முக்காலாகக் கொடுத்தேன். பின்னத்தை வகுக்கத் தலைகீழாக்கிப் பெருக்கு என்று முப்பத்திரண்டு வருஷம் ஐந்தாம் வகுப்பில் கத்திய வாய் இது.

ஆறாம் நாள் என் பிரஷர் மாத்திரைக்குப் போனேன். சாரோட மாத்திரை நாளைக்கு முடிஞ்சிடுமே, எடுத்து வைக்கவாம்மா என்று ஹேமாவதி கேட்டாள். நிறைய இருக்கிறதே, தினம் முக்கால் மாத்திரைதானே என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. ஐயோ, ஒன்றரைக்குள்ள எத்தனை அரை இருக்குன்னு பாக்கணும்மா, மூணு மாத்திரை, நீங்க கால்வாசிதான் குடுத்திருக்கீங்க என்றாள். ஆட்டோ பிடித்து அப்பாவைத் தாம்பரத்துக்கு அழைத்துப் போனேன், பேச்சு குழறுகிறதா என்று பார்க்க வழியெல்லாம் கேள்வி கேட்டேன், உன் நட்சத்திரத்தைக்கூடக் கேட்டேன். ரத்தப் பரிசோதனையில் மருந்தின் பலன் ரொம்ப இறங்கியிருந்தது. எக்கோ ஸ்கேனில் வால்வில் ரத்தக் கட்டி எதுவும் இல்லை என்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஐந்து நாள் ஊசி போட்டு அனுப்பினார்கள்.

வார்டில் அவரிடம் நடந்ததைச் சொல்லி அழுதேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா, முக்கால்தான் இருக்குன்னு முதல் நாளே பார்த்தேன் ரோஹிணி, கேட்டா கணக்கு டீச்சர் நானா நீங்களான்னு கோச்சுப்பே, அதான் பேசாம முழுங்கிட்டேன் என்றார். தப்பாகப் போட்ட கணக்கைவிட இதுதான் என்னை அரிக்கிறது. எனக்கு மறதி ஆரம்பித்துவிட்டதோ என்றும் பயம், வியாழக்கிழமை டாக்டரிடம் கேட்கப்போகிறேன். இப்போதெல்லாம் மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து அவரையே எண்ணச் சொல்கிறேன். நேற்று வேண்டுமென்றே நாலு என்றார், நான் பதறியதைப் பார்த்துச் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழந்தைக்கு ஜுர மருந்து ஊற்றும்போது அளவை மாப்பிள்ளையையும் ஒரு தரம் பார்க்கச் சொல், அவர் கேட்டால் முகம் சுளிக்காதே. மூவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட காலம் வாழ அம்மாவின் ஆசீர்வாதம். கோபித்துக்கொள்வேன் என்று நீயும் என்னிடம் கேட்காமல் விட்டது ஏதாவது இருந்தால், இப்போது கேள்.

உன் அம்மா,
ரோஹிணி சம்பந்தம்