இனித்த ஊறுகாய்

என் கண்ணான தங்கச்சி ஞானம்மா,

நடந்தது எல்லாம் நான் முன்னமே சொன்னதுதான். வீடுகள் நெருங்கிய இந்தத் தோட்டத்தில், எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற பைப்படியில் நிற்கிறவள் பெண்களை ஒவ்வொருத்தியாய்ப் பிடிப்பாள் என்று சொன்னேனா இல்லையா? ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான்; ஆனாலும் கொழும்பில் இந்தக் கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரியாமல் ஒரு காக்கா பறக்காது.

நீ போய் ஒரு வருஷம்; கோயிலில் உன் வருஷப் பூசை முடிந்து எல்லாரும் கோப்பியோடு உட்காரும்போது இதை வாசிக்கப்போகிறேன். அதனால் கொஞ்சம் சத்தமாகவே எழுதுகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து தோணியில் வந்திறங்கினாயே, புருஷனைப் பறிகொடுத்தவளாய். ஒரு கையில் செசிலி, மறு கையில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி. ஊறுகாய் விற்றே மகளை வளர்த்தாய். மண் ஜாடி கசிகிறது என்று ஒருநாள் குறைப்பட்டாய். நான் தேயிலை ஸ்டோரில் பெட்டி அடிக்கிறவன் அல்லவா? பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாளின் வெட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து, ஜாடிக்குள் ஒட்டிக் காட்டினேன்; பிறகு நீ விற்ற ஜாடி எல்லாவற்றுக்கும் ஒட்டினேன். "லண்டன் போற தேயிலையே கெடாது, உன் ஊறுகாயா கெடும்?" என்றேன். துரையே என்னிடம்தான் யோசனை கேட்பார் என்றும் சொன்னேன். நீ சிரித்தாய்.

அந்த ஊறுகாய் இனித்தது. சீனி போடாமலே. மசக்கைக்காரிகள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். முதலில் பக்கத்து வீட்டு ரோசம்மாவுக்கு வயிற்றில் இருந்தது கலைந்தது. பிறகு இன்னும் இரண்டு பேருக்கு.

கடைசியில் நீ. வயிற்றைப் பிடித்துச் சுருண்டாய். உன் ஈறில் நீல மை தீட்டியதுபோல ஒரு கோடு. வெற்றிலைக் கறை என்றேன். பிறகு உன் மணிக்கட்டு கழன்றதுபோலத் தொங்கியது. கரண்டி பிடிக்க முடியாத அந்தக் கையை, யாருடைய கையோ என்று பார்த்துக்கொண்டிருந்தாயே, என்ன நினைத்தாய்?

உச்சி வெயிலில் பைப்படியில் நின்ற வெள்ளைச் சேலைக்காரியின் வேலை இது என்று தோட்டமே நம்பியது. அவளைக் கண்டு சொன்னது நான். மெழுகுதிரி கொளுத்தினோம், மந்திரித்துக் கயிறு கட்டினோம். ஜாடியை ஒருவரும் பார்க்கவில்லை.

இப்போது செசிலிக்கு ஐந்து மாதம். அவளுக்கும் வயிற்று வலி. டாக்டர் அவள் உதட்டை விலக்கிப் பார்த்தார். அதே நீலக் கோடு.

"வீட்டில ஈயம் புழங்குதா? புளிப்புப் பட்டா கரைஞ்சு இனிக்கும், ஆனா நஞ்சு" என்றார்.

உடனே உன் ஜாடிதான் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து, "ஜாடியைத் தா, மருமகளே" என்றேன்.

"அம்மா கை பட்ட கடைசி ஜாடி, மாமா. தரமாட்டேன். ஊறுகாய் என்ன செய்யும்? பைப்படிக்காரிதான் அம்மாவைக் கொண்டுபோனா. நீங்கதானே கண்டீங்க!"

"டாக்டர் சொல்லுறார்..."

"டாக்டர் அவளைக் கண்டாரா? நான் காணுறேன். இன்னிக்கும் மத்தியானம் நின்னா. கை மணிக்கட்டோட தொங்குது."

ஞானம்மா, நான் சொன்ன கதையில் கை தொங்கவில்லை. கால் தரையில் படவில்லை என்று மட்டும்தான் சொன்னேன்; அதுவும் இரண்டாம் தடவை சொல்லும்போது சேர்த்தது. அப்படியென்றால் அங்கே நிற்பது யார்? நீயா?

நீயாக இருந்தால் கேள். இதை வாசித்து முடித்ததும் வீடு வீடாகப் போய், என் ஈயத்தாள் ஒட்டிய ஜாடி அத்தனையையும் வாங்கிவிடுவேன். செசிலியின் வாயில் இனி ஒரு துளி படாது. இது சத்தியம். ஆனால் பைப்படிக்காரியை நம்பும்வரை அவள் ஜாடியை விடமாட்டாள். ஆகவே, எல்லார் முன்னாலும் சொல்கிறேன்.

முதன்முதல் ஸ்டோரிலிருந்து ஈயத்தாளோடு வந்த அன்றைக்கு ரோசம்மா என்னை மறித்து, "என்ன அண்ணே, சட்டைக்குள்ள சரசரக்குது? முகமும் வெளிறிக் கிடக்கு?" என்று கேட்டாள். களவெடுத்த ஈயத்தாளை மறைக்க, பைப்படியில் வெள்ளைச் சேலைக்காரியைக் கண்டு பயந்தேன் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். பைப்படியில் நான் யாரையும் காணவில்லை.

செசிலியின் தாய்மாமன்,
உன் அண்ணன் சூசை