அச்சுக்குள் இரண்டு குவளை

ஏங்க,

எழுப்ப மனசு வரவில்லை, வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மேசைமேல். கொட்டகைச் சாவி ஆணியில்.

நேற்று உங்கள் குட்டி நீராவி எஞ்சினைப் பொம்மை என்று சொன்னது தப்புதான். அதற்காக, "மணல் காஞ்சா அச்சு உதிர்ந்துடும், உனக்கு என்ன தெரியும்"னு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுக்க வேண்டுமா? எனக்கும் தெரியும். பின்கட்டில் எஞ்சின் சக்கரத்துக்காக மூடி வைத்திருந்தீர்களே மணல் அச்சு, அதில் அலுமினியம் ஊற்றும் ஓட்டை வழியாக இரண்டு குவளைத் தண்ணீர் விட்டிருக்கிறேன். உள்ளே நன்றாக ஊறியிருக்கும். மேலே ஈரம் தெரியாமல் துடைத்தும்விட்டேன். எழுந்ததும் உருக்கி ஊற்ற வேண்டியதுதான் பாக்கி.

பாப்பா பள்ளியிலிருந்து இன்று பதினொரு மணிக்கே வந்துவிடுவாள். ஊற்றும்போது பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், பார்க்க வேண்டுமென்று நச்சரிக்கிறாள்.

கோபம் போச்சா?

பி.கு: குடை எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். "உலை பக்கம் தண்ணி கொண்டுவராதே, ஒரு சொட்டு பட்டாலும் வெடிக்கும்" என்று சுவரில் எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளை, கண்ணில் பட்டது. அங்கே இருந்த குடிதண்ணீர்ப் பாட்டிலை எடுத்துவந்துவிட்டேன். இனி பயமில்லை, நிம்மதியாக ஊற்றுங்கள்.