அரைக்காதுக்காரர் ஏறிய லாரி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
மார்கழி, வெள்ளிக்கிழமை

அன்பு மருமகன் ராம்கிக்கு,

உன் தாய்மாமன் சந்தனம் எழுதுவது. நானும் ராஜபாளையத்தில் உன் அம்மாவும் சுகம்.

எல்லாத்தையும் நான் முன்னாலேயே சொன்னேன். கொரியாவில் சண்டை நின்றாலும், வடக்கு தெற்கு என்று கிழித்த நாடு ஒட்டாது என்றேன். ஒட்டியதா? சண்டை நடந்தபோது நான் பிறக்கவில்லை, அது வேற விஷயம்.

சண்டை நின்றதும் கைதிகளைக் காக்கப் போன நம்ம பட்டாளத்தில் உன் தாத்தா துப்பாக்கியோடு நின்றதை, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிச்சை முகம்மது குறுக்கே விழுந்து, "ஏலே, உங்கப்பா அங்க சோறுல்லா பொங்குனாரு! துப்பாக்கிய நீயா குடுத்துவிட்ட?" என்றான். அம்புட்டுப் பேரும் சிரித்தார்கள். பொறாமை பிடித்த பய.

அங்கே கொரியாவில் நீ வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கார ஆச்சி ஆஸ்பத்திரியில் என்று போனில் எழுதியிருந்தாய். அவிய அண்ணன் அந்தச் சண்டையில் பிடிபட்டவர், ஒரு காது பாதிதான், தாத்தா பார்த்தாரா என்று முன்னே கேட்டாய். பார்த்தார், அவர் வடக்குக்கே போறேன் என்று சிரித்தபடி லாரியில் ஏறினார் என்று கடிதம் போட்டேன். நீ அதை அந்த ஊர்ப் பாஷையில் படித்துக் காட்டியிருக்கிறாய். செத்த நாள் தெரியாமல் வருஷா வருஷம் அண்ணனுக்குப் படைத்த சோற்றை ஆச்சி நிறுத்திவிட்டார்களாம். ஞாயிறுதோறும் எல்லை வேலிக்குப் போய், பனியில் நின்று அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, நெஞ்சில் சளி கட்டிக் கிடக்கிறார்களாம். அந்த நாட்டைப் பிய்த்த பெரிய ஆட்கள் வீட்டுக் கிழவி எவளாவது இப்படி வேலியில் நிற்கிறாளா?

லாரியில் ஏறும்போது தங்கச்சியைப் பற்றி என்ன சொன்னார் என்று மாமாவிடம் கேள் என்கிறார்களாம்.

எழுதினேன், நாலு பக்கம். தங்கச்சிக்கு ஜடை போட்டுவிட ஆளில்லையே என்று அவர் அழுததாக. படித்து எனக்கே கண் கலங்கிவிட்டது. பொறவு கிழித்துப் போட்டேன்.

பிச்சை முகம்மது சொன்னதுதான் சரி. தாத்தா சமையல்காரர். ரெண்டு பக்கத்துக் கைதிகளுக்கும் சோறு போட்டேன், எவன் வடக்கு எவன் தெற்கு என்று கடைசிவரை தெரியவில்லை, எல்லாப் பயலும் அம்மாவைத்தான் தேடினான் என்பார். கொரியாவைப் பற்றி வேறெதுவும் சொன்னதில்லை.

போனில் சொல்ல எனக்கு வாய் வராது. முதல் கடிதத்தை ஆச்சி அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்கள் என்றாயே, அதனால் இதுவும் கடிதமாகவே போகட்டும். அவிய கொஞ்சம் தேறியதும் படித்துக் காட்டு. வைதால் வாங்கிக்கொள், எனக்கு உள்ளதுதான். வேலிப் பக்கம் மட்டும் இனி விடாதே, ராம்கி. ஆண்டாள் அவியளை எழுப்பி உட்கார வைக்கட்டும். அண்ணனுக்குச் சோறு படைப்பதா, காத்திருப்பதா என்று அவியளே சொல்லட்டும்.

அந்த அரைக்காதுக்காரரை உன் தாத்தா பார்க்கவே இல்லை. நீ கேட்டாய், நான் ஆமாம் என்று எழுதிவிட்டேன்.

உன் மாமன்,
சந்தனம்