பெரியம்மா வயிற்றில் எடுத்த ஸ்கேன்

அன்புள்ள மனைவிக்கு,

நான் நலம், கடையும் நலம். மகளும் நலம் என்று வழக்கம்போல எழுத இந்த முறை கை வரவில்லை. பயப்படாதே, முழுக்கப் படித்துவிட்டுக் கவலைப்படு. போனில் சொல்லலாம் என்றால் உன் அக்கா பக்கத்திலேயே நிற்கிறாள், மகளும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். அதனால் லீவு முடிந்து அங்கே வேலைக்குத் திரும்பும் உன் தோழியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் மகள் வகுப்பிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். டீச்சர் கூப்பிட்டபோது கடையில் ரிப்பேருக்கு வந்த ஒரு மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தேன், அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஆட்டோவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாதா மாதம் இப்படித்தானாம். "பெரியம்மா டாக்டரைப் பாத்துட்டாங்கப்பா, எனக்கு ஒண்ணும் இல்லையாம்" என்றாள். "உன்னை எப்போ கூட்டிட்டுப் போனாங்க?" என்று அவளைக் கேட்டேன். "நான் போகலையே, பெரியம்மா மட்டும்தான் போனாங்க" என்றாள். வீட்டுக்கு வந்து உன் அக்காவைக் கேட்டபோதுதான் எல்லாம் வெளியே வந்தது.

கல்யாணமாகாத பெண்ணைப் பிரசவ டாக்டர் வாசலில் உட்காரவைத்தால் தெரு என்ன பேசும் என்று நீயும் அக்காவும் போனிலேயே முடிவுகட்டியிருக்கிறீர்கள். அவள் வலியை உன் அக்கா தன் வலி என்று போய்ச் சொல்லியிருக்கிறாள். டாக்டர் பாவம், எதிரே உட்கார்ந்திருக்கும் ஐம்பது வயதுக்காரியைப் பார்த்து, மாதவிடாய் நிற்கிற வயது, இப்படித்தான் இருக்கும் என்று மாத்திரை எழுதிக்கொடுத்தாராம். ஸ்கேனும் எடுத்தாராம். பெரியம்மா வயிற்றில் ஒன்றுமில்லை, ஆகவே நம் மகள் வயிற்றிலும் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

என் கடைக்கும் சிலர் வருவார்கள், மிக்ஸியை வீட்டில் வைத்துவிட்டு வாயால் 'கர்ர்' என்று சத்தம் போட்டுக் காட்டுவார்கள். அவர்களைப் பார்த்தால் சிரிப்பேன். இதற்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உன் அக்காவிடம் கத்திவிட்டேன். "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல விசாரிச்சா நீங்களா பதில் சொல்வீங்க?" என்று அவளும் கேட்டாள். நான்தான் சொல்வேன் என்றேன். அன்றிலிருந்து சாப்பாடு போடுகிறாள், பேச்சு கிடையாது. வீடு நிம்மதியாகத்தான் இருக்கிறது.

மறுநாள் நானே மகளைப் பிரசவ டாக்டரிடம் கூட்டிப்போனேன். சீட்டுக் கொடுக்கும் அம்மா தலை நிமிராமல், "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று ஊருக்கே கேட்கிற குரலில் கேட்டாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். நம் தெருக் காய்கறிக்காரியும் அங்கே இருந்தாள். மகள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள், சின்ன வயதில் ரோடு தாண்டும்போது பிடிப்பாளே, அப்படி. "பத்தாவது படிக்கிறா, வயித்து வலி" என்று நானும் அதே குரலில் சொன்னேன்.

டாக்டர் என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மகளிடம் தனியாகப் பேசினார். எனக்குச் சுருக்கென்றது. பெற்றவன் காதில் விழக்கூடாத பேச்சு என்ன பேச்சு? ஆனால் வெளியே வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

பிறகு அவள் வயிற்றையே ஸ்கேன் எடுத்தார்கள். சினைப்பையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. கெட்ட கட்டி மாதிரித் தெரியவில்லை என்கிறார். ஆனால் முறுக்கிக்கொண்டால் சினைப்பையையே எடுக்க வேண்டி வரும், இனியும் தள்ளிப்போடக் கூடாது என்றார். வருகிற வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்டால் "நான் வரும்வரை பொறுங்கள்" என்பாய், அதனால் கேட்கவில்லை. திட்டுவதென்றால் என்னைத் திட்டு.

திரும்பி வரும்போது அவள் வலியைப் பற்றிப் பேசவில்லை, ஆப்பரேஷனைப் பற்றியும் பேசவில்லை. "காய்கறிக்காரம்மா பாத்துட்டாங்களேப்பா, அம்மா திட்டுவாங்களா?" என்றுதான் கேட்டாள். மாட்டாள் என்று சொல்லிவிட்டேன். அதையும் உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன்.

இதைப் படித்ததும் கூப்பிடுவாய் என்று தெரியும். போனை நேராக அவள் கையில் கொடுத்துவிடுவேன். யார் யார் பார்த்தார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதே. ரொம்ப வலிக்குதாடா கண்ணு என்று கேள். என் வாக்கைக் காப்பாற்று.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் உன் குரலை எதிர்பார்க்கும்,
உன் வீட்டுக்காரன்