ஒரு ஸ்கேல் நீளம்

மார்ச் 4, திங்கள்

கால்வாய் மீன்பிடி உரிம அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு மாதம். இன்று நாள் முழுக்க ஒரே அறிவிப்பைத் தட்டச்சு செய்தேன். ஒருவருக்கு ஒரு தூண்டில். முப்பது சென்டிமீட்டருக்குக் குறைந்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். தெரிந்தே மீறினால் உரிமம் நிரந்தர ரத்து. வீட்டில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"இத எனக்கா சொல்ற?" என்று சிரித்தார்.

மார்ச் 5

அவருக்குச் சொல்ல வேண்டியதில்லைதான். ஆறு நாள் பேருந்து கழுவுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில்தான் உயிர். தூண்டில் பெட்டியின் மூடியில் என் பழைய மர ஸ்கேலை ஆணியடித்து வைத்திருக்கிறார். அந்த நீளம் இல்லாத மீன் தண்ணீருக்கே. மற்றவர்கள் பிடித்ததையும் வாங்கி அளப்பார். கரையில் கூடவே மீன் பிடிக்கிற முடிதிருத்தும் மாமா அவரைக் கூப்பிடுவதே ஹெட்மாஸ்டர் என்றுதான். "மீனக்கூட ஃபெயிலாக்குற ஆளுய்யா இவரு!"

மார்ச் 10, ஞாயிறு

அப்பாவைப் பிடித்துவிட்டார்கள். அப்பாவை!

புதிதாக வந்த ஆய்வாளர் தன் இரும்பு ஸ்கேலால் அளந்தாராம். கூடையில் இருந்த இரண்டு மீனும் இருபத்தெட்டரை. கரையில் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். மாமா சொன்னாராம்: "ஹெட்மாஸ்டரே காப்பியடிச்சு மாட்டிக்கிட்டாருடோய்."

அப்பா சோற்றைத் தொடவில்லை. "அது என் பொண்ணு ஸ்கேலு சார், அது தப்பா காட்டாதுன்னேன். எல்லாரும் சிரிக்கிறானுங்க" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அதே நாள், மாலை

ஐயோ.

ஆறாம் வகுப்பு. ஜன்னல் கொக்கி இறுகிக் கிடந்தது. ஸ்கேலால் நெம்பினேன். முனை உடைந்தது, ஒரு விரல் அகலத் துண்டு. உடைந்த இடம் தெரியாமல் துவைக்கிற கல்லில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினேன். எண்கள் அப்போதே அழிந்திருந்தன. அடுத்த வருடம் அப்பா வந்து, "முப்பதுன்னா எவ்ளோ நீளம்மா?" என்று கேட்டார். "ஒரு ஸ்கேல்" என்று அதையே நீட்டினேன்.

எப்படி மறந்தேன்? பதினோரு வருடம்! அவர் தட்டில் விழுந்த எத்தனை மீன், ஊரார் முன் அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்ற எத்தனை ஞாயிறு— எல்லாவற்றுக்கும் என் ஸ்கேல்தான் அளவு.

மார்ச் 11

ரத்து உத்தரவு என் மேசைக்கே வந்தது. 'தெரிந்தே மீறியுள்ளார்.' அந்த முதல் சொல்லில் விரல் நின்றுவிட்டது.

எங்கள் அலுவலக அதிகாரி மேடம் அறைக்குள் போனேன். இதுவரை கூப்பிடாமல் போனதே இல்லை. "மேடம், அது எங்கப்பா. ஸ்கேல ஒடச்சது நான்." குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"எழுதிக் குடு. பெட்டியையும் கொண்டு வா. ஆனா உங்கப்பாகிட்ட மொதல்ல சொல்லிட்டியா?"

இல்லை.

மார்ச் 12

சொல்லிவிட்டேன்.

அப்பா மூடியைத் திருப்பி அந்த முனையைத் தடவிக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"அன்னைக்கே சொல்லியிருந்தா அடிச்சிருப்பேனா?"

"இல்லப்பா. கையில காசில்லாட்டியும் மறுநாளே புதுசு வாங்கிட்டு வந்திருப்பீங்க. அதான் சொல்லல."

எழுந்து வெளியே போய்விட்டார்.

மார்ச் 14

உத்தரவிலிருந்து 'தெரிந்தே' நீக்கப்பட்டது. நிரந்தர ரத்து இல்லை, மூன்று மாதத் தடை. பெட்டியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்பா தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு நாளாக என்னிடம் பேச்சில்லை.

மார்ச் 17, ஞாயிறு

விடிந்ததும் என் அறை வாசலில் நின்று, "கெளம்பு" என்றார். தூண்டில் இல்லை, பெட்டி மட்டும். மூடியில் புது இரும்பு ஸ்கேல். பழையதையும் பிடுங்கவில்லை. பக்கத்திலேயே இருந்தது, இரண்டு ஆணியோடு.

கரையில் எல்லோரும் பார்த்தார்கள். அப்பா பெட்டியைக் கீழே வைத்தார். "இத்தன வருஷமா நான் அளந்து குடுத்ததெல்லாம் தப்புய்யா. மனசுல வெச்சுக்காதீங்க."

யாரும் சிரிக்கவில்லை. முடிதிருத்தும் மாமாதான் தன் மீனை நீட்டினார். "சரி ஹெட்மாஸ்டர், இதப் பாரு."

அப்பா அதை மூடியில் கிடத்தினார். ஸ்கேலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

குனிந்தேன். வாலை நீவிவிட்டுப் படித்தேன்.

"இருபத்தொன்பதரை" என்றேன். எதிர்க்கரைக்கே கேட்டிருக்கும்.

அப்பா மீனைத் தண்ணீரில் விட்டார்.